மேட்டூர் திறக்காத வருஷத்தில் மனை விற்கப் போனால்

"நிலத்துல போட்ட பணம் எங்கேயும் போகாது" என்று சொல்லாத பெரியவர்களை எங்கள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பார்ப்பது கஷ்டம். சிங்கப்பூர்ப் பணமோ, பணி ஓய்வுப் பணமோ, கையில் ஒரு தொகை சேர்ந்துவிட்டால் போதும், "பேசாம ஒரு மனையை வாங்கிப் போட்டு வை" என்ற யோசனைதான் வீட்டில் முதலில் வரும். டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த யோசனையால் கரையேறிய குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன், மாட்டிக்கொண்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

2008-ல் அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்து உலகமே ஆட்டம் கண்டதே, அதைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் ஒரே விளக்கம்தான்: "திருப்பிக் கட்ட முடியாதவனுக்கெல்லாம் கடன் கொடுத்தான், கவுந்துட்டான்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லி முடித்துக்கொண்டால், ஏதோ நமக்குச் சம்பந்தமில்லாத ஊரில் நடந்த முட்டாள்தனம் என்று ஆகிவிடுகிறது. அங்கே கவிழ்ந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் நம்பிய விஷயங்களைத்தான் நாமும் நம்புகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் கையில் கணக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்கா முழுக்க வீட்டு விலை ஒரே சமயத்தில் பெரிதாக இறங்கியது கிடையாது. எண்ணெய் விலை விழுந்தபோது எண்பதுகளில் ஹூஸ்டனில் இறங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இறங்கியது. ஆனால் ஓர் இடத்தில் இறங்கினால் இன்னோர் இடத்தில் ஏறியிருக்கும். 2005 ஜூலையில், அப்போது வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவராக இருந்த பென் பெர்னான்கி, வீட்டு விலை சரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டபோது, நாடு தழுவிய சரிவு இதுவரை வந்ததே இல்லை என்றுதான் தொலைக்காட்சிப் பேட்டியில் பதில் சொன்னார். முப்பதுகளின் பெருமந்தத்தில் விலை நன்றாகவே விழுந்தது. அது ரொம்பப் பழைய கதை என்று கணக்கிலேயே யாரும் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கின் மேல்தான் பெரிய கட்டடமே எழுந்தது. ஃப்ளோரிடா, நெவாடா, மிச்சிகன், கலிஃபோர்னியா என்று பல மாநிலத்து வீட்டுக் கடன்களை ஒரு மூட்டையாகக் கட்டி, பங்கு போட்டு முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். ஒரு மாநிலத்தில் கடன்காரர்கள் தவறினாலும் மற்ற மாநிலத்துக்காரர்கள் கட்டிவிடுவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தவற மாட்டார்கள். அப்படியானால் மூட்டையில் வரும் வட்டியில் முதல் பங்கு யாருக்கோ, அவருக்கு நஷ்டமே வராது. அந்தப் பங்குக்கு அரசாங்கக் கடன் பத்திரத்துக்குக் கொடுக்கும் அதே உச்சத் தரத்தைக் கொடுத்தார்கள். கடைசிப் பங்குகள் மிஞ்சினவா, அவற்றையும் திரட்டி இன்னொரு மூட்டை கட்டி, அதிலும் பெரும்பகுதிக்கு அதே உச்சத் தரம். கடன் பத்திரங்களுக்குத் தரம் போடும் மூடீஸ் நிறுவனம் 2006-ல் வேலை நாள் ஒன்றுக்கு 30 அடமானப் பத்திரங்கள் வீதம் உச்சத் தரம் கொடுத்தது. அந்த வருஷம் அப்படித் தரம் வாங்கியவற்றில் 83 சதவீதத்தைப் பிற்பாடு தரம் இறக்கவேண்டி வந்தது. நெருக்கடியை விசாரித்த அமெரிக்க ஆணையத்தின் அறிக்கையில் இருக்கும் கணக்கு இது.

எங்கே தவறியது என்று எங்கள் ஊர் விவசாயிக்குச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார். பழைய மிராசு குடும்பங்களில் மூன்று ஊரில் நிலம் வைத்திருப்பார்கள். இங்கே பத்து மா, அங்கே அஞ்சு மா. ஓர் ஊரில் புகையான் அடித்தால் இன்னோர் ஊர் காப்பாற்றும். ஒரு வாய்க்கால் உடைத்துக்கொண்டு பயிர் மூழ்கினால் மேட்டு நிலம் கை கொடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் மேட்டூர் திறக்கவில்லை என்றால் மூன்று ஊரும் ஒரே ஊர்தான். முப்பது ஊரில் வைத்திருந்தாலும் அப்படித்தான். பிரித்து வைத்தது பூச்சிக்கும் உடைப்புக்கும்தான் காவல். எல்லா வாய்க்காலுக்கும் தலை ஒன்றாக இருக்கும்போது அந்தக் காவல் எதற்கும் உதவாது.

அமெரிக்காவில் அந்தத் தலை, சுலபக் கடன். இதில்தான் விஷயத்தின் கருவே இருக்கிறது. முன்பெல்லாம் ஊர் வங்கி அந்த ஊர்க்காரருக்குக் கடன் கொடுக்கும், கடனைத் தன் கணக்கிலேயே வைத்திருக்கும். ஆகவே ஊருக்கு ஊர் நிலவரம் வேறாக இருந்தது. 2000-க்கு அப்புறம் எல்லா மாநிலத்துக்கும் ஒரே மூட்டைக்காரர்களிடமிருந்துதான் பணம் போனது. விலைகள் சேர்ந்து இறங்காது என்று நம்பியதால் மூட்டை கட்டினார்கள். மூட்டை கட்டியதால் கடன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி தளர்ந்தது. ஒரே மாதிரி தளர்ந்ததால் விலைகள் சேர்ந்து ஏறின. சேர்ந்து ஏறியவை சேர்ந்தே இறங்கின. வராது என்று நம்பிய ஆபத்தை, அந்த நம்பிக்கையே உட்கார்ந்து தயாரித்தது.

கடன்களின் அமைப்பும் அதற்குத் தோது. முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு, அப்புறம் திடீரென்று ஏறும். ஏறிய தவணையைக் கட்டும் வருமானம் வாங்கியவரிடம் கிடையாது. அது கொடுத்தவருக்கும் தெரியும். அதற்குள் வீட்டு விலை ஏறியிருக்கும், புதுக் கடன் போட்டுப் பழையதை அடைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. அதாவது கடனுக்கு ஜாமீன் சம்பளம் இல்லை, வீடுகூட இல்லை. அடுத்த வருஷத்து விலை. எங்கள் பக்கம் வட்டிக்கு விடுபவர்கள் "பத்திரம் இருக்கா? அப்ப சரி" என்று வருமானத்தைக் கேட்காமல் பணத்தை எடுத்து வைப்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2006-ல் விலை ஏறுவது நின்றது. நின்றதுமே போதுமானதாக இருந்தது, இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மறுகடன் கிடைக்காமல் தவணைகள் தவறின. ஏலத்துக்கு வந்த வீடுகள் பக்கத்து வீட்டு விலையையும் இழுத்தன. 2012-க்குள் நாடு முழுக்கச் சராசரியாக 27 சதவீதம் அளவுக்கு இறங்கியது. லாஸ் வேகாஸில் ஏறக்குறைய 60 சதவீதம், ஃபீனிக்ஸில் பாதிக்கு மேல். 2009 முடிவில் வீட்டுக் கடன் வாங்கியவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு, வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகம்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

மனை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாதம் உண்டு. வெயிலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் கூட வந்த நண்பரிடம் ஒரு புரோக்கர் சொன்னது: "சார், ஜனத்தொகை கூடுது, வண்டி கூடுது. நிலம் கூடுமா? கடவுள் இனிமே புதுசா நிலம் படைக்கப் போறதில்ல." நண்பர் தலையாட்டினார். யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் தோன்றும்.

ஆனால் நாங்கள் நின்ற இடம் நாலு வருஷத்துக்கு முன் நஞ்சை. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னும் நஞ்சைதான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ரோடு, பொது இடம் எல்லாம் போக 1,200 சதுர அடி மனையாகப் பிரித்தால் தாராளமாக 20 மனை வரும். ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய 6.6 ஏக்கர் நிலத்தில் 130 மனை. கடவுள் நிலம் படைக்காமல் இருக்கலாம். மனையைப் படைப்பது ஒரு சர்வேயரும் ஒரு ஜேசிபியும். குறுவை போய், சம்பாவும் போய், கூட்டுறவுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது விவசாயி ஏக்கர் கணக்கில் விற்கிறார். ஆகவே டெல்டாவில் மனை அதிகமாகப் பிறப்பதே கெட்ட வருஷங்களில்தான். வாங்க ஆள் குறையும் அதே வருஷங்களில். லாஸ் வேகாஸிலும் இப்படித்தான் பேசினார்கள். ஊரைச் சுற்றிப் பெரும்பகுதி அரசு நிலம், வீடு கட்ட இடம் தீரப்போகிறது என்றார்கள். மிக மோசமாக விழுந்த ஊர்களில் அதுவும் ஒன்று.

(ஓர் ஆறுதல் இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள்: 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்துவிட்டதே, இனி வயல் மனையாகாதே என்று. அந்தச் சட்டம் ஹைட்ரோகார்பன் போன்ற தொழில்களைத் தடுக்கத்தான் வந்தது. வயல்கள் அதற்கு அப்புறமும் மனையாகிக்கொண்டுதான் இருக்கின்றன.)

களிமண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. நஞ்சை மனையில் வீடு கட்டுபவர், ரோடு மட்டத்துக்கு மேலே கொண்டுவர லாரி லாரியாக கிராவல் அடிக்கவேண்டும். அஸ்திவாரத்துக்குத் தனிச் செலவு. கார்த்திகை மழையில் தண்ணீர் வடியும் வாய்க்கால் எது, அதன் மேல் எந்த மனை விழுந்திருக்கிறது என்று பழைய ஊர்க்காரரைக் கேட்டால் தெரியும். விளம்பரப் பலகையில் இருக்காது.

இன்னொன்று, தாத்தா கணக்கு. "தாத்தா அஞ்சாயிரத்துக்கு வாங்கினது, இன்னைக்கு அம்பது லட்சம்." அந்த அஞ்சாயிரத்தில் அன்றைக்கு எத்தனை மூட்டை நெல், எத்தனை பவுன் வாங்கியிருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. ராபர்ட் ஷில்லர் என்ற பொருளாதார நிபுணர் 1890 முதலான அமெரிக்க வீட்டு விலைகளைத் திரட்டி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசி வரை, நூறு வருஷத்துக்கு மேல், வீட்டின் உண்மை விலை பெரிதாக ஏறவே இல்லை. அங்கும் எல்லோரிடமும் ஒரு தாத்தா கணக்கு இருந்தது.

நாமே போட்டுப் பார்க்கலாம். 2 லட்சத்துக்கு வாங்கிய மனை 15 வருஷத்தில் 6 லட்சம். மூன்று மடங்கு என்று சொல்லும்போது பெரிதாகக் கேட்கிறது. வருஷத்துக்கு 7.6 சதவீதம்தான். வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதில் சேரவில்லை. 2017-லிருந்து 2023 வரை இரண்டும் சேர்ந்து 11 சதவீதம். புரோக்கர் கமிஷன் வேறு. அதே காலத்தில் பலர் கண்ணை மூடிக்கொண்டு வங்கியில் போட்ட வைப்புத் தொகைக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கொடுத்த வருஷங்கள் உண்டு. இதை எங்கள் கிளைக்கு வந்தவர்களிடம் நான் சொன்னால், வங்கிக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் கணக்கு. 2016-ல் நடந்தது கணக்கு இல்லை.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. சொந்தம் இல்லை, ஆனால் சின்ன வயசிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவர் அனுப்பியதில் மிச்சம் பிடித்து 2010 வாக்கில் ஊருக்கு வெளியே இரண்டு மனை வாங்கினார்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை லட்சத்துக்கு. இரண்டும் பஞ்சாயத்து அப்ரூவல்தான், நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் கிடையாது. அன்றைக்கு அதை யாரும் குறையாக நினைக்கவில்லை, பதிவும் ஆனது. "மூத்தவளுக்கு ஒண்ணு, சின்னவளுக்கு ஒண்ணு. நகைச்சீட்டு கட்டுற மாதிரிதானே அண்ணே" என்று அது என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. மூத்த பெண்ணுக்கு 2017 தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆடி போகட்டும், ஒன்றை விற்றுவிடலாம் என்று முடிவு. ஒரு நெல் வியாபாரி 5 லட்சத்துக்குக் கேட்டு, வாய்ப்பேச்சும் ஆகிவிட்டது.

அந்த வருஷம் மேட்டூர் வழக்கமாகத் திறக்கவேண்டிய ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2012-லிருந்தே அந்தத் தேதியில் திறக்காமல் குறுவை போய்க்கொண்டிருந்ததால் அது புதுச் செய்தியாக யாருக்கும் படவில்லை. செப்டம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. நெல் வியாபாரி, "தடை நீங்கட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். செப்டம்பர் 20-ல் தான் மேட்டூர் திறந்தது. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வியாபாரியிடம் இருந்த ரொக்கம் முடங்கியது, அவர் பேச்சையே விட்டுவிட்டார். வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. சம்பா கருகியது. ஜனவரியில் அரசு தமிழ்நாட்டையே வறட்சி மாநிலமாக அறிவித்தது.

நீதிமன்றத் தீர்ப்புக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? நோட்டுக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம்? எதுவும் இல்லை. ஆனால் டெல்டாவின் சின்ன ஊர்களில் மனை வாங்குபவர் யார் என்று பாருங்கள். நெல் வியாபாரி, உரக்கடைக்காரர், லாரி வைத்திருப்பவர், அறுவடை மிஷின் விடுபவர். நாலு பேர் வருமானமும் ஒரே வயலில் இருந்து வருகிறது. வாத்தியார்களும் வெளிநாட்டுக்காரர்களும் மட்டும் விதிவிலக்கு, அவர்களும் அந்த மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டார்கள். விற்க நினைப்பவர்களோ திடீரென்று பெருகிவிட்டார்கள், விளைச்சல் இல்லாதவன் எல்லாம் எதையாவது விற்றுத்தானே ஆகவேண்டும். மூன்று அடியும் ஒரே இடத்தில் விழுந்தன. தங்கச்சியிடம் இருந்தது இரண்டு மனை, இரண்டு பெண்களுக்கு என்று பிரித்து வைத்தது. இரண்டும் ஒரே மாதிரி முடங்கின.

கல்யாணம் நிற்கவில்லை. 2 லட்சம் மூணு வட்டிக்கு வாங்கினார்கள். மாசம் ஆறாயிரம் வட்டி. சிங்கப்பூரில் இருந்தவருக்கு ஓவர்டைம் இல்லாத மாசங்களில் அந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்று தங்கச்சிக்குத்தான் தெரியும். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன, கட்டணம் கட்டி, அலைந்து, மனை ஒழுங்கானது. 2019-ல் பக்கத்து மனைக்காரர் 4.25 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டார். அதற்குள் வட்டியாக மட்டும் 1.8 லட்சம் போயிருந்தது. "ஒன்றரை லட்சம் நாலே கால் லட்சமாச்சே, நிலம் கைவிடலை பாத்தீங்களா" என்று தெருவில் பேசினார்கள். தங்கச்சி எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, இன்றுவரை.

அந்த மூன்று வருஷமும் யாரைக் கேட்டாலும் மனை விலை இறங்கவில்லை என்றுதான் சொன்னார்கள். அரசே 2017 ஜூனில், பதிவுக்காகத் தான் வைத்திருக்கும் கைடுலைன் மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோதும் புரோக்கர்கள் சொன்ன விலை அப்படியே நின்றது. யாரும் வாங்காத விலை எப்படி இறங்கும்? அமெரிக்காவில் வங்கி ஏலம் போட்டதால் விலை ஊரறிய இறங்கியது. இங்கே ஏலம் போட வங்கி கிடையாது, ஏனென்றால் பெரும்பாலான மனைகள் வங்கிக் கடனில் வாங்கியவை அல்ல. ரிசர்வ் வங்கி, ஒய்.வி. ரெட்டி கவர்னராக இருந்த காலத்தில், 2004 முதல் 2006-க்குள் வீட்டுக் கடன்களுக்கும் கட்டுமானக் கடன்களுக்கும் வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தைப் படிப்படியாகக் கூட்டி வைத்தது. 2008-ல் நம் வங்கிகள் தப்பியதற்கு அது ஒரு காரணம், அதற்காக அவருக்கு என்றும் நன்றி சொல்லவேண்டும். ஆனால் மனையின் ஆபத்து மறைந்துவிடவில்லை. அது நகைக் கடனாகவும் மூணு வட்டியாகவும் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

வெளிநாட்டிலும் இந்த மாதிரி பழைய கதைகள் நிறைய. 1925-ல் ஃப்ளோரிடாவில் கொஞ்சம் முன்பணம் கட்டிய ரசீதையே கைமாற்றி லாபம் பார்த்தார்கள், அடுத்த வருஷமே கவிழ்ந்தது. நம் ஊரில் அட்வான்ஸ் அக்ரிமென்ட் போட்டு, கிரயத்துக்கு முன்பே அடுத்தவர் தலையில் கட்டிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இப்போது மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி நாலு வழிச் சாலை, மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது, கும்பகோணமும் ஆகும் என்ற பேச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு எழும்புகிறது, கொடிகள் பறக்கின்றன. துபாயில் இருக்கும் என் தங்கை மகன் போன மாசம் போன் செய்தான். "மாமா, டிடிசிபி இருக்கு, ரெரா நம்பர் இருக்கு, தாய்ப் பத்திரம் கிளியர். அப்புறம் என்ன யோசனை?"

நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் (டிடிசிபி), ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு (ரெரா), சிக்கலில்லாத தாய்ப் பத்திரம் என்று அவன் சொன்ன மூன்றும் வேண்டும். மூன்றும் இருந்தால் ஏமாற மாட்டான். ஆனால் அவசரத்துக்கு விற்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த மூன்றில் எதிலும் பதில் கிடையாது. ஒரு வேலை சொன்னேன். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே நம்பர் போட்டால் வில்லங்கம் காசில்லாமல் பார்க்கலாம். மனை போட்டவர் விற்ற கிரயங்களைத் தள்ளிவிடு. அவரிடம் வாங்கியவர் இன்னொருவருக்கு விற்ற கிரயம் எத்தனை இருக்கிறது என்று மட்டும் எண்ணு. அதில் காட்டியிருக்கும் தொகையை நம்பாதே, பெரும்பாலும் கைடுலைனை ஒட்டி எழுதியதாக இருக்கும். தேதியைப் பார். 2016, 17 மாதிரி வருஷத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாராவது விற்றிருக்கிறார்களா என்று பக்கத்து சர்வே நம்பர்களையும் போட்டுப் பார்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நூற்றுச் சொச்சம் மனை உள்ள லேஅவுட்டில் மறுகிரயம் இரண்டே இரண்டு. அதில் ஒருவர் பாபநாசம் பக்கத்துக்காரர். விற்க எத்தனை மாசம் ஆனது, கேட்ட விலைக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவரை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.